கியர் திரும்பவும் ஸ்டியரிங்குக்கே வந்துடுச்சு... ஓட்டுற நாம ரெடியா?

புது ஆட்டோமேட்டிக் காரில், முக்கியமாக ஈ.வி-யில், முதல் தடவை ஏறி உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். இடது கையை ரெண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய்த் துழாவுவார்கள். அங்கே கப் ஹோல்டர் இருக்கும், போன் சார்ஜர் இருக்கும், பர்ஸ் வைக்க ஒரு பெட்டி இருக்கும். கியர் மட்டும் இருக்காது. 'என்னடா இது, கியரே இல்லாம கார் கொடுத்துட்டாங்களா?' என்று யோசிக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து பதில் வரும்: "ஸ்டியரிங்குக்குப் பின்னாடி பாருங்க, அந்தக் குச்சிதான் கியர்!"

இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகளோடு மூன்றாவதாக ஒரு தண்டு. அதைத் திருகினாலோ, மேலே கீழே தட்டினாலோ கார் முன்னே போகும், பின்னே போகும். நுனியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் பார்க்கிங். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால், இந்த 'அவ்வளவுதான்' இந்திய ரோட்டில், இந்தியப் பழக்கத்தோடு ஓட்டுகிறவர் கையில் எப்படி வேலை செய்கிறது? யோசிக்க வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கு.

பிள்ளைச்சாவடியில் நின்று பார்த்தால்...

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டு பக்கம், ஈ.சி.ஆர் ஓரம் இருக்கிறது பிள்ளைச்சாவடி. பழைய புதுச்சேரி பொறியியல் கல்லூரி, அதாவது இன்றைய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருப்பது இங்கேதான். இன்னொரு பக்கம் மீனவர் குடியிருப்பு, அதைத் தாண்டினால் கடல். சனிக்கிழமை காலையில் இந்த ரோட்டில் ஒரு அரை மணி நேரம் நின்றால், சென்னையிலிருந்து வீக்எண்டுக்கு வரும் கார்கள் வரிசையாகக் கடந்துபோகும்.

அந்த வரிசையைக் கியரை மட்டும் வைத்துப் பார்த்தால் செம வேடிக்கை. ஷேர் ஆட்டோவில் ஹேண்டில் பாரிலேயே கியர். பழைய ஸ்விஃப்ட்டில் தரையிலிருந்து முளைக்கும் மேனுவல் கியர். 2014-ல் செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி வகை கார்களில் நடுவில் ஆட்டோமேட்டிக் லீவர். 2020-ல் வந்த நெக்ஸான் ஈ.வி-யில் ரேடியோவைத் திருகுவதுபோல் ஒரு வட்டத் திருகி. மஹிந்திரா பி.ஈ 6-ல் விமானத்தின் த்ராட்டில் மாதிரி ஒரு பிடி. எம்.ஜி விண்ட்சர், ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், மெர்சிடீஸ் பென்ஸ் என்றால் ஸ்டியரிங் பக்கத்துத் தண்டு. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய்-யில் தண்டும் கிடையாது. திரையில் விரலால் தள்ள வேண்டும்.

ஒரே ரோடு, ஒரே லைசென்ஸ். கியர் போட ஆறேழு விதம்!

புதுச்சேரிக்கும் பென்ஸுக்கும் ஒரு தனிக் கதையும் உண்டு. சொகுசு கார்களுக்கு இங்கே வரி குறைவு என்பதால், வெளி மாநிலத்துக்காரர்கள் புதுச்சேரி முகவரி காட்டி கார் பதிவு செய்த விவகாரம் 2017-ல் கேரளாவில் பெரிய சர்ச்சையானது. சினிமாப் பிரபலங்கள் பெயரெல்லாம் அடிபட்டது. ஆகவே, ஸ்டியரிங் கியர் பென்ஸ் என்பது பி.ஒய் நம்பர் பிளேட்டுக்குப் புதிது இல்லை. புதிது என்னவென்றால், ஒரு காலத்தில் கோடிகளில் புழங்கியவர்கள் காரில் மட்டும் இருந்த அந்தத் தண்டு, இப்போது 2024 செப்டம்பரில் வந்த விண்ட்சர், 2025 ஜனவரியில் சுமார் 18 லட்சத்தில் ஆரம்பித்த கிரெட்டா எலெக்ட்ரிக் என்று நம்ம வீட்டு வாசல் வரை வந்துவிட்டது என்பதுதான்.

தாத்தா காலத்து 'ஹேண்ட் கியர்'

உண்மையில் இது புது டெக்னாலஜி இல்லை. வீட்டில் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். 'அம்பாசிடர்ல ஹேண்ட் கியர்தான்ப்பா' என்பார். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ரெண்டிலுமே பல வருஷம் கியர் ஸ்டியரிங் தண்டில்தான் இருந்தது. இரண்டும் மேனுவல். இடது காலில் கிளட்ச், இடது கையில் ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நீள லீவர்.

ஏன் அங்கே வைத்தார்கள்? இடத்துக்காக! அன்றைய காரில் முன்னால் தனித்தனி சீட் கிடையாது, பெஞ்ச் மாதிரி ஒரே நீள சீட். நடுவில் கியர் இல்லையென்றால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். கல்யாணத்துக்குப் போகும் அம்பாசிடரில் நான்காவதாக ஒருவர் கதவோரம் ஒட்டிக்கொள்வார் என்பது வேறு விஷயம். அமெரிக்காவிலும் இதே கணக்குதான். 1930-களின் கடைசியில் காடிலாக், போன்டியாக் கார்களில் கியர் ஸ்டியரிங் தண்டுக்கு ஏறியது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த 'ஹைட்ராமேட்டிக்', பெரிய அளவில் விற்பனையான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் லீவரும் ஸ்டியரிங் தண்டில்தான்.

பிரான்ஸ் மட்டும் சும்மா இருக்குமா? 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் ஷோவில் வந்த சிட்ரோன் டி.எஸ் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தண்டை நகர்த்தினால் ஹைட்ராலிக் சிஸ்டம் கியரை மாற்றும். புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1-ல். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கிளம்பி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத நேரத்தில் அவர்கள் ஊரில் இந்த வேடிக்கை நடந்திருக்கிறது.

பிறகு ஏன் கியர் தரைக்குப் போனது? ஸ்டியரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை பல இரும்புக் கம்பிகள், இணைப்புகள், புஷ்கள். அவை தேயத் தேய லீவர் லூஸாகும். ரெண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பானட்டைத் திறந்து கம்பியை இழுத்துவிட்டால்தான் விடும். பழைய டாக்ஸி டிரைவர்களுக்கு இது தினசரி வேலை. அதனால்தான், 'பக்கெட் சீட், ஃப்ளோர் கியர்' என்று அம்பாசிடரை மாற்றிக்கொள்வதே ஒரு காலத்தில் கெத்தாக இருந்தது!

திரும்பி வந்தது எப்படி?

இப்போது கம்பிகள் இல்லை. நீங்கள் தண்டை நகர்த்தும்போது அது ஒரு எலெக்ட்ரிக் சிக்னல் மட்டும் அனுப்புகிறது. டி.வி ரிமோட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் என்ன, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்து, 'சரி, போடலாம்' என்றால்தான் கியர் மாறும். 2001-ல் பி.எம்.டபிள்யூ தன் 7 சீரிஸில் இப்படியொரு எலெக்ட்ரானிக் தண்டைக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறையில் மறுபடி நடுவுக்கே கொண்டுபோய்விட்டது. 2005 எஸ்-கிளாஸில் ஸ்டியரிங் தண்டைப் பிடித்த மெர்சிடீஸ் அதை விடவே இல்லை. 2023 ஜனவரியில் ஹூண்டாய் ஐயோனிக் 5 மூலம் திருகும் வகை இந்தியாவுக்கு வந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில்தான் அந்த கார் தயாராகிறது.

காரணம் மறுபடியும் அதேதான். இடம்! ஈ.வி-யில் தரை தட்டையாக இருக்கும். நடுவில் லீவர் வைத்தால் அந்த இடம் வீண். இன்னொரு நல்லதும் இருக்கு. கை ஸ்டியரிங்கை விட்டுத் தூரமாகப் போக வேண்டாம். ரிவர்ஸ், முன், ரிவர்ஸ், முன் என்று புதுச்சேரியின் சின்னத் தெருக்களில் காரைத் திருப்பும்போது இந்த வசதி நன்றாகவே தெரியும். கண்ணும் ரோட்டிலேயே இருக்கும். திரையைத் தடவி கியர் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆக, ஐடியா நல்ல ஐடியாதான். பிரச்னை வேறு இடத்தில்.

ஒரு காரில் கீழே, இன்னொன்றில் மேலே

பென்ஸில் வலது பக்கத் தண்டைக் கீழே தட்டினால் 'டி', அதாவது முன்னே. மேலே தட்டினால் 'ஆர்', பின்னே. லேசாக, பாதி அளவுக்குத் தட்டினால் 'என்', நியூட்ரல். நுனியை அமுக்கினால் 'பி'.

ஹூண்டாயில் தண்டு அசையாது. அதன் நுனிதான் திரும்பும். மேல்நோக்கி, அதாவது உங்களிடமிருந்து விலகும் பக்கமாகத் திருகினால் 'டி'. கீழ்நோக்கி, உங்கள் பக்கமாகத் திருகினால் 'ஆர்'. 

கவனிச்சீங்களா? ஒன்றில் மேலே என்றால் பின்னே. இன்னொன்றில் மேலே என்றால் முன்னே! ஒரே வீட்டில் அண்ணனிடம் ஒரு கார், மாமாவிடம் இன்னொரு கார் இருந்தால் கைப்பழக்கம் குழம்பாமல் என்ன செய்யும்?

இது ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்த பிரச்னை இல்லை. அமெரிக்கா இதை 60 வருஷம் முன்பே அனுபவித்துவிட்டது. அங்கே ஆரம்ப கால ஆட்டோமேட்டிக் கார்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை. சிலவற்றில் முன்னே போகும் 'லோ' கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ். ஒரு சொடுக்கு அதிகமானால் கார் எதிர்ப் பக்கம் பாயும். 1965-ல் வெளிவந்த ரால்ஃப் நாடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் கார்களின் பல ஆபத்துகளோடு இந்தக் கியர் வரிசைக் குழப்பத்தையும் போட்டு உடைத்தது.

1968-லிருந்து அமெரிக்காவில் பாதுகாப்பு விதி 102 வந்தது. அதில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, முன்னே போகும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் கட்டாயம் நியூட்ரல் இருக்க வேண்டும். இரண்டு, 'பி' இருந்தால் அது ஒரு கோடியில், ரிவர்ஸை ஒட்டி இருக்க வேண்டும். மூன்று, லீவர் ஸ்டியரிங் தண்டில் இருந்தால், நியூட்ரலிலிருந்து 'டி'-க்குப் போவது கடிகார முள் சுற்றும் திசையில்தான் இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் பி-ஆர்-என்-டி என்று ஒரே வரிசையைப் பார்க்கிறோமே, அது தானாக அமைந்துவிட்டது இல்லை. பலர் அடிபட்ட பிறகு வந்த ஒழுங்கு.

பழைய லீவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. தண்டே அசையாமல் நுனி மட்டும் திருகும் கியருக்கும், விரலால் தள்ளும் கியருக்கும் அதே தெளிவு இன்னும் வந்து சேரவில்லை. எழுத்து வரிசை ஒன்றாக இருக்கிறது. கையசைவு ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது.

இண்டிகேட்டர் என்று நினைத்து...

இந்தியாவுக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. மாருதி, ஹூண்டாய், டாடா என்று நாம் பழகிய பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். கீழே தட்டினால் வலது, மேலே தட்டினால் இடது. வருஷக்கணக்கில் ஓட்டிய கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் கை பென்ஸில் உட்காருகிறது. இண்டிகேட்டரும் வைப்பரும் இடது பக்கத் தண்டுக்குப் போய்விட்டன. வலது பக்கம் இருப்பது கியர்.

ஓடிக்கொண்டிருக்கும்போது 'வலது இண்டிகேட்டர்' என்று நினைத்துக் கீழே தட்டினால் பிரச்னை இல்லை. ஏற்கெனவே 'டி'-யில்தான் இருக்கிறது. இளநீர் கடையைப் பார்த்து ஓரம் கட்ட, 'இடது இண்டிகேட்டர்' என்று மேலே தட்டினால்? கார் நியூட்ரலுக்குப் போகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது. பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். வேகத்தில் போகும்போது ரிவர்ஸ் விழாதபடி கம்ப்யூட்டர் தடுத்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

ஆனால், நிற்கும்போது? ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நிற்கிறீர்கள். கால் பிரேக்கில். இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போடுவதாக நினைத்துத் தண்டை நன்றாக மேலே தட்டுகிறீர்கள். வண்டி நிற்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறது. ரிவர்ஸ் போட கம்ப்யூட்டர் கேட்கும் ரெண்டு நிபந்தனையும் சரி! பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் பின்னால் போகும். நம்ம ஊர் சிக்னலில் காருக்குப் பின்னால் ஒட்டி நிற்பது யார்? பைக், ஸ்கூட்டி, சைக்கிள். இங்கே காருக்குள் இருப்பவருக்கு பம்பரில் ஒரு கீறல்தான். ஸ்கூட்டியில் குழந்தையோடு நிற்பவருக்கு அப்படி இல்லை.

ரிவர்ஸ் கேமரா படம் திடீரென்று திரையில் வந்தால், சத்தம் கேட்டால், அதை அலட்சியம் பண்ணாதீர்கள். கார் உங்களுக்கு அந்த நேரத்தில் கொடுக்கும் ஒரே எச்சரிக்கை அது.

'பி' விழுந்துச்சா, பார்த்தீங்களா?

ஓட்டும்போது நடக்கும் தவறைவிட, நிறுத்தும்போது நடக்கும் தவறு மோசமானது. ஏனென்றால், அப்போது டிரைவர் சீட்டில் ஆள் இருக்க மாட்டார்.

பழைய லீவர் கியரில், லீவர் எங்கே நிற்கிறதோ அதுதான் கியர். கண்ணால் பார்க்கலாம், இருட்டில் கையால் தடவியும் தெரிந்துகொள்ளலாம். புதிய எலெக்ட்ரானிக் தண்டு அப்படி இல்லை. தட்டிவிட்டால் உடனே பழைய இடத்துக்கே திரும்பிவிடும். என்ன கியரில் இருக்கிறோம் என்று தண்டு சொல்லாது. டேஷ்போர்டில் இருக்கும் எழுத்துதான் சொல்லும்.

இதன் விலை என்ன என்று உலகம் ஒரு தடவை பார்த்துவிட்டது. தட்டியதும் நடுவுக்குத் திரும்பும் ஒரு எலெக்ட்ரானிக் லீவர் இருந்ததால், 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 'பி' போட்டுவிட்டதாக நினைத்து டிரைவர்கள் இறங்க, கார் உருண்டுபோன சம்பவங்கள் நடந்ததுதான் காரணம். ரெண்டு மாதம் கழித்து, ஜூன் 2016-ல், 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவான பாதையில் தன்னுடைய ஜீப்புக்கும் மதில் தூணுக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். வயது 27. அவர் வைத்திருந்தது, அந்தத் திரும்ப அழைக்கும் பட்டியலில் இருந்த மாடல்.

அந்த லீவர் ஸ்டியரிங் தண்டில் இல்லை, நடுவில்தான் இருந்தது. ஆகவே, தவறு இடத்தில் இல்லை. 'கை உணராத கியர்' என்பதில் இருக்கிறது. இப்போதைய பல கார்களில் டிரைவர் கதவைத் திறந்தாலோ, காரை ஆஃப் செய்தாலோ தானாக 'பி' விழும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனாலும், அதை நம்பி இறங்குவது, வலை கட்டியிருக்கிறார்கள் என்று தைரியமாகக் கயிற்றில் நடப்பது மாதிரி. வலை விழுபவருக்காக இருக்கிறது, நடப்பவர் அசால்ட்டாக இருக்க இல்லை.

'பி' என்பது என்ன? கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் போய் மாட்டும் சின்ன இரும்புக் கொக்கி. அவ்வளவுதான். முழு காரின் எடையையும் சரிவில் அந்தக் கொக்கி மேல் ஏற்றக் கூடாது. முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி' என்று சொல்வது அதனால்தான். 

தள்ள முடியாத கார்

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு பழக்கம். இடம் இல்லாத தெருவில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுப் போவது. யாராவது வந்தால் தள்ளி வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட், ஞாயிற்றுக்கிழமை சந்தை நடக்கும் தெரு என்று எல்லா இடத்திலும் இது நடக்கும்.

எலெக்ட்ரானிக் கியர் காரை ஆஃப் செய்தால் பெரும்பாலும் தானே 'பி'-க்குப் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. நியூட்ரலில் விட்டுவைக்கத் தனி முறை உண்டு. அது ஒவ்வொரு காருக்கும் வேறு. கார் வாங்கும்போது கொடுக்கும் புத்தகத்தில் இருக்கும். நாம்தான் அதைப் பிரிப்பதே இல்லையே!

இதைவிட முக்கியம் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம், மீட்புக்கு ராணுவம் வர வேண்டியிருந்தது. அப்படி ஒரு இரவில் பழைய மேனுவல் காரை நியூட்ரலில் போட்டு, நாலு பேர் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளிவிடலாம். எலெக்ட்ரானிக் கியர் காரில் 12 வோல்ட் பேட்டரி உயிரை விட்டால், தண்டைத் தட்டினாலும் சிக்னல் போகாது. 'பி'-யிலிருந்து எடுக்க முடியாது. ஈ.வி-யில் பெரிய பேட்டரி ஃபுல் சார்ஜில் இருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி போனால் இதே கதைதான். நாலு சக்கரமும் தூக்கி வைக்கும் டிரக் வந்தால்தான் உண்டு. அதனால், கடலோரத்தில் இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்தால், தண்ணீர் வந்தபிறகு பார்த்துக்கலாம் என்று இருக்கக் கூடாது. காரை முன்கூட்டியே மேடான இடத்தில் விட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 10-வது பிரிவு, லைசென்ஸில் எந்தெந்த வகை வண்டி என்று பிரிக்கிறது. பைக்கில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று ரெண்டு வகை. காருக்கு? இலகுரக வாகனம் என்று ஒரே வகை. ஸ்கூட்டி லைசென்ஸ் வைத்துக்கொண்டு புல்லட் ஓட்டக் கூடாது என்று கவலைப்படும் சட்டம், காரில் கியர் எப்படி இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் மேனுவல் ஓட்ட முடியாது. பிரான்ஸிலும் லைசென்ஸில் '78' என்று ஒரு கோடு போட்டுவிடுவார்கள். 7 மணி நேரப் பயிற்சி எடுத்து அதை நீக்கிக்கொள்ளலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்றும் வாழும் புதுச்சேரியில் சிலருக்கு இது பழகிய விஷயம்தான்.

இங்கேயும் அப்படி ரெண்டாகப் பிரிக்க வேண்டுமா? அவசியம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த நாடுகளின் கவலை, ஆட்டோமேட்டிக் ஓட்டியவருக்கு கிளட்ச் தெரியாது என்பது. நம்முடைய இன்றைய பிரச்னை நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலின் பழைய மேனுவல் காரில் 'ஹெச்' போட்டு லைசென்ஸ் வாங்கியவர், அடுத்த வாரமே வாடகைக்கு எடுத்த ஈ.வி-யில் ஈ.சி.ஆரில் இறங்குகிறார். 'பி'-யை எப்படி உறுதி செய்வது, நியூட்ரலில் எப்படி விடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இதற்கு இன்னொரு டெஸ்ட், இன்னொரு ஃபீஸ் தேவையில்லை. டிரைவிங் ஸ்கூல் பாடத்தில் ஒரு மணி நேரம், ஷோரூமிலும் வாடகை கார் கொடுக்கும் இடத்திலும் ஒரு 10 நிமிடம் போதும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. எந்தத் திசை முன்னே, எந்தத் திசை பின்னே என்பதை எல்லோரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் எந்த காரில் ஏறினாலும் ஒரே இடத்தில்தானே இருக்கிறது? கியருக்கு மட்டும் ஏன் டிசைன் சுதந்திரம்? 'எங்க கார் வித்தியாசமானது' என்று காட்ட ஆயிரம் வழி உண்டு. சீட் கலரை மாற்றலாம், லைட்டை மாற்றலாம். ரிவர்ஸை மாற்ற வேண்டாம்.

ஓட்டப்போகிறவர்களுக்கு...

நண்பனுடைய காரோ, வாடகை காரோ, புதுசாக வாங்கியதோ... ஸ்டியரிங் கியர் காரில் முதல் தடவை உட்கார்ந்தால் இதையெல்லாம் செய்யுங்கள்.

* கிளம்பும் முன், பிரேக்கில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஆர், என், டி, பி நான்கையும் ஒரு சுற்று போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில்.

* இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது இடது பக்கம் என்றால், வலது கைக்கு 'இது கியர்' என்று சொல்லி வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் பாட்டு, போன் எதுவும் வேண்டாம்.

* தண்டைத் தட்டிய பிறகு, டேஷ்போர்டில் எழுத்து மாறியதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். கையை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள்.

* வண்டி முழுசாக நின்றபிறகே டி-யிலிருந்து ஆர், ஆரிலிருந்து டி. உருண்டுகொண்டிருக்கும்போது தட்டினால் கம்ப்யூட்டர் மறுக்கும். நீங்கள் மாறிவிட்டதாக நினைப்பீர்கள்.

* நிறுத்தும்போது: பிரேக், ஹேண்ட் பிரேக், 'பி', டேஷ்போர்டில் எழுத்து, ஆஃப், பிறகு சீட் பெல்ட். பெல்ட்டைக் கடைசியில் கழற்றும் பழக்கம் இருந்தால், பாதியில் இறங்கும் அவசரம் தானாகவே குறையும்.

* வாட்டர் வாஷ், வேலட் பார்க்கிங், மெக்கானிக் யாரிடம் கொடுத்தாலும் 'கியர் இங்கே, பி இங்கே' என்று காட்டிவிட்டுக் கொடுங்கள். அவர்களும் நடுவில்தான் துழாவுவார்கள்.

* அப்பாவிடம் கார் சாவியைக் கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் பொறுமை. 'எனக்குத் தெரியாதாடா, அம்பாசிடர் ஓட்டுனவன் நான்' என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால், அம்பாசிடரில் கியர் விழுந்தால் கைக்குத் தெரிந்தது. இதில் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

'சாவடி' என்றால் வழிப்போக்கர்கள் இறங்கித் தங்கும் இடம். மாட்டு வண்டியில் வந்தவர்கள், இறங்கியதும் மாட்டை அவிழ்த்துக் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். காரில் அந்தக் கல்லின் பெயர் 'பி'. அதை வைத்தாச்சா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்க மக்களே, டீ எங்கேயும் போயிடாது!